பிய்த்தெடுத்த நட்சத்திரங்கள்

போன வருடம் தைப்பூசம் முடிந்து ஏழெட்டு நாள் இருக்கும். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் உட்கூரைப் பலகைகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் ஒரு குத்தகைக்காரரிடம்தான் எனக்கு வேலை. கழற்றிப் போட்ட பலகை ஒன்றைக் கவனிக்காமல் மிதித்துவிட்டேன். அதில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி, என் ரப்பர் சப்பாத்தைத் துளைத்து வலது பாதத்துக்குள் போய்விட்டது.

ஆணியைப் பிடுங்கி, ரத்தத்தைக் கழுவி, பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனேன். கட்டட வேலையில் ஆணி குத்துவதெல்லாம் கொசு கடிப்பதுபோல. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் கால் வீங்கி, சப்பாத்துக்குள் நுழைய மறுத்தது. பெரிய மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் சீனர், அமைதியானவர், மலாயில்தான் பேசுவார். அவர் என் காலைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, அன்றைக்கு என்ன சப்பாத்து போட்டிருந்தேன் என்றுதான். வியர்த்து வியர்த்து ஈரமாகவே இருக்கும் ரப்பர் அடிப்பாகத்தில் ஒரு வகைக் கிருமி குடியிருக்குமாம். ஆணி அதையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டது. படம் எடுத்துப் பார்த்ததில், கிருமி இரண்டாவது விரலுக்குக் கீழே உள்ள எலும்பு வரை போயிருந்தது.

பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தேன். புண்ணைத் திறந்து சுத்தம் செய்தார்கள். நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். பிறகு, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதி, முதல் ஒரு மாதத்துக்கானதைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்புக்குள் மருந்து மெதுவாகத்தான் போகும், ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார் டாக்டர். சரியாகாவிட்டால் அந்த எலும்பை எடுக்க வேண்டியிருக்கும், விரலும் போகலாம் என்றும் சொன்னார். ஏணியில் ஏறி இறங்குகிறவனுக்கு அதன் அர்த்தம் உடனே புரிந்தது.

எங்கள் வீடு சுங்கை பினாங்கில், அடுக்குமாடியில் பதினோராவது மாடி. என் மனைவி தொழிற்சாலையில் காலை வேலைக்குப் போகிறவள். விடியும் முன்பே பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஆகவே என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் மகளிடம் வந்து சேர்ந்தது. அப்போது அவளுக்குப் பத்து வயது, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும், ஒரு பொறுப்பைக் கொடுத்தால் நீங்கள் அதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வீர்கள் என்று. அவள் குளிர்பெட்டிக் கதவில் ஒரு நாள்காட்டித் தாளை ஒட்டினாள். காலை மாத்திரைக்குத் தங்க நிற நட்சத்திரம், மாலை மாத்திரைக்கு வெள்ளி நிற நட்சத்திரம். நான் விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒட்டுவாள். ஒருமுறை நான் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டியதற்கு, ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

மாத்திரையோடு சேர்த்து ஒரு பெரிய குவளை பாலும் வரும். அறிவியல் பாடத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், எலும்புக்குப் பலம் தருவது பால் என்று. அப்பாவுக்கு வியாதி எலும்பில். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? அம்மாவிடம் சொல்லி, சுண்ணாம்புச் சத்து அதிகம் உள்ள பால்மாவாகப் பார்த்து வாங்க வைத்தாள். மாத்திரை உடம்புக்குச் சூடு, பால் குளிர்ச்சி, நல்லதுதான் என்று என் மனைவியும் சொல்லிவிட்டாள்.

எனக்குப் பால் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே கடுங்காப்பிக்காரன் நான். அதிலும் அவள் கலக்கும் பாலில் மாவு சரியாகக் கரைந்திருக்காது, அடியில் கட்டி கட்டியாக நிற்கும். நான் குவளையை இறக்கி வைக்கப் பார்த்தால் விடமாட்டாள்.

"கடைசி வரைக்கும் குடிக்கணும்பா. அடியிலதான் சத்து எல்லாம் இருக்கு."

பள்ளிச் சீருடையில், பாதி பின்னிய சடையோடு, குவளையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கீழே வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிகளையும் சேர்த்து விழுங்குவேன். கல்யாணமான நாளிலிருந்து தான் கொடுத்து ஒரு வாய் பால் குடிக்காத மனிதன் இவன் என்று என் மனைவி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரித்தாளாம்.

மூன்று வாரம் போனது. நாள்காட்டியில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஆனால் கால் ஆறவில்லை. வீக்கம் கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். ராத்திரியில் எலும்பு குடைந்தது. மகளிடம் மட்டும், பரவாயில்லைம்மா, குறைகிறது என்று சொல்லி வைத்தேன்.

டாக்டருக்கும் அது பிடிபடவில்லை. கிருமியைப் பரிசோதித்துத்தான் இந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தோம், இது வேலை செய்தாக வேண்டும் என்றார். பிறகு, மருந்து என் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார். அப்படி ஒரு பரிசோதனை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வயிற்றுக்குள் போன மருந்தெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மறுநாள் வழக்கம்போல வீட்டில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

அன்றைக்கு என் மகள் பாலில் ஒரு கரண்டி மாவு கூடுதலாகவே போட்டாள். பரிசோதனை அல்லவா, நன்றாக வரட்டும் என்று.

ரத்தம் கோலாலம்பூருக்குப் போய், முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று. சாப்பிடுகிறேன் என்றேன். மறந்து போவதுண்டா? இல்லை. வாந்தி ஏதாவது? இல்லை. பிறகு முதல் கேள்வியையே மறுபடியும் கேட்டார். இருக்க வேண்டிய அளவில் பாதிகூட ரத்தத்தில் இல்லையாம்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அதிகம் படிக்காதவன், கட்டட வேலைக்காரன், மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டுப் பொய் சொல்கிறான் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று மனதுக்குள் குமைந்தேன். கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த நாள்காட்டிப் படத்தைக் காட்டினேன். அவர் அந்த நட்சத்திரங்களைப் பார்த்தார். ஆனால் திங்கட்கிழமை வந்து மறுபடியும் சேர்ந்துவிடுங்கள், நரம்பு வழியாகவே மருந்து ஏற்றுவோம், எலும்பை எடுப்பது பற்றி அறுவைச் சிகிச்சை டாக்டரும் வந்து பேசுவார் என்றார்.

அதற்குள் தீர்ந்துவிடாமல் இருக்க நாலு நாள் மாத்திரை வாங்கிக்கொண்டு போகும்படி கீழே மருந்தகத்துக்கு அனுப்பினார். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு போனேன். எண் வந்ததும், முகப்பில் இருந்த பெண்ணிடம் மலாயில் பேசினேன். முக்காடு போட்ட இளம்பெண். என் சீட்டைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கெப்பாலா பத்தாஸ் என்ற ஊர்ப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் பெண் என்று பிறகு தெரிந்தது.

அவர் என் சீட்டில் இருந்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நானே முந்திக்கொண்டு, ஒரு வேளைகூட விடவில்லை தங்கச்சி என்றேன்.

"நம்புறேன் அண்ணே. காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க. என்ன செய்றீங்க, என்ன குடிக்கிறீங்க, எல்லாத்தையும்."

இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. சொன்னேன். மகள் எழுப்புவது, பல் தேய்ப்பது, ஏழு அறை உள்ள பெட்டியிலிருந்து அவள் மாத்திரையை எடுத்து வைப்பது, பால் கலக்குவது. பால் என்றதும், குறித்துக்கொண்டிருந்த அவர் பேனா நின்றது.

என்ன பால், எவ்வளவு, மாத்திரைக்கு எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்டார். நேரமெல்லாம் இல்லை, அந்தப் பாலில்தான் மாத்திரையையே விழுங்குகிறேன் என்றேன். மாலையிலுமா? மாலையிலும்தான்.

அவர் திட்டவில்லை. மெதுவாக விளக்கினார். இந்த மருந்தும் பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் வயிற்றில் சந்தித்தால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் குடல் அதை உள்ளே விடாது. மருந்தில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும். எங்கள் அடுக்குமாடியில் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மேல் மாடிக் குழாய்களில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதுபோலத்தான் என் கால் எலும்புக்கும் நடந்திருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். நாள் தவறாமல் நான் விழுங்கியதில் பாதிக்கு மேல் எலும்பு வரை போகவே இல்லை.

"முதல் தடவை மருந்து வாங்கினப்ப யாரும் சொல்லலையா அண்ணே?"

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்பிய அன்று இதே முகப்பில் வேறொருவர் மலாயில் மளமளவென்று சொன்னார். என் முதலாளி கீழே லோரியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். எனக்கு எப்போது வீட்டுக்குப் போவோம் என்றிருந்தது. பாதி காதில் விழவில்லை, விழுந்ததில் பாதி புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் "யா, யா" என்று தலையாட்டினேன். உறையில் சின்ன எழுத்தில் ஏதோ ஒட்டியும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை நானே பிரித்து, ஒரு வாரத்துக்கானதைப் பெட்டியிலும் மீதியை ஒரு டப்பாவிலும் அடுக்கிவிட்டு, உறைகளைக் குப்பையில் போட்டேன். என் மகள் அந்த உறையைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் படித்திருப்பாள்.

அந்தத் தங்கச்சி அங்கேயே தொலைபேசியை எடுத்து டாக்டரிடம் பேசினார். திங்கட்கிழமை சேர வேண்டாம், ஒரு வாரம் வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள், அதற்குள் வீக்கம் கூடினால் உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். தானும் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருக்கலாம் என்று சொன்னாராம். அதைக் கேட்டதும் காலையிலிருந்து நெஞ்சில் இருந்த குமைச்சல் இறங்கிவிட்டது.

நான் கிளம்பும்போது அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பாப்பாகிட்ட பக்குவமா சொல்லுங்க அண்ணே. ஆசையா கலக்கிக் குடுத்திருக்கு."

அதுதான் என் பெரிய கவலையாகவும் இருந்தது. விரல் போய்விடுமோ என்ற பயத்தைவிட, அவளிடம் எப்படிச் சொல்வது என்ற பயம் அதிகமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், சொல்லப் போவதில்லை என்று. வீட்டுக்கு வந்து, இனிமேல் மாத்திரைக்குத் தண்ணீர் போதுமாம், பால் அப்பாவுக்கு வயிற்றைப் பிசைகிறது என்று ஒரு பொய் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள்.

ஆனால் இந்த முறை நான் உறையைக் குப்பையில் போடவில்லை. மேசைமேல் வைத்திருந்தேன்.

மறுநாள் மாலை நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து வந்தபோது அவள் குளிர்பெட்டி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாள்காட்டித் தாள் அவள் மடியில் கிடந்தது. நகத்தால் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. வீட்டுப்பாடம் செய்வதுபோல, முதல் நாளிலிருந்து வரிசையாக. பக்கத்தில் மருந்து உறை இருந்தது.

என்னம்மா செய்கிறாய் என்று கேட்டேன்.

"இதெல்லாம் சேராதுப்பா," என்றாள். "மாத்திரை உள்ள போகவே இல்லை. நான்தான் போக விடல."

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உட்காருவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. உன் தப்பு இல்லை, நீ சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியாது என்றெல்லாம் சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அவளுக்குத் தெரியாதுதான், எனக்குச் சொல்லப்பட்டதே. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அதுவும் இன்னொரு பொய்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொன்னேன். முகப்பில் இருந்தவர் சொன்னது, எனக்குப் புரியாதது, நான் தலையாட்டியது, உறையைக் குப்பையில் போட்டது, நேற்று அவளிடம் வயிறு பிசைகிறது என்று பொய் சொன்னது வரை எல்லாவற்றையும். ஒரு தகப்பனுக்குத் தன் பத்து வயது மகளிடம் இதைச் சொல்வது சுலபமாக இல்லை.

"புரியலைன்னா ஏன்ப்பா தலையாட்டுனீங்க?"

வெட்கம்மா என்றேன். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டால், இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கம். பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்களோ என்ற வெட்கம்.

அவள் விரலில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உருட்டிக்கொண்டே, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள், பின்னக் கணக்கு நடத்தும்போது ஆசிரியை புரிந்ததா என்று கேட்டால் தானும் இப்படித்தான் தலையாட்டுவதாக. இரண்டு மாதமாக அவளுக்குப் பின்னம் புரியவில்லையாம். எங்கள் வீட்டில் அது வரை யாருக்கும் தெரியாது.

அப்பனும் மகளும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது என்றேன். கொஞ்சம் சிரித்தாள். பிறகுதான் அழுதாள். நான் தடுக்கவில்லை.

தாளைப் பார்த்தேன். முக்கால்வாசி நட்சத்திரங்கள் போய், அந்த இடங்களில் பசை பிசுபிசுத்தது. அவளுடைய பேனாவை வாங்கி, முதல் நாள் கட்டத்தில் நட்சத்திரம் இருந்த இடத்தில் ஒரு பால் குவளை வரைந்தேன். அடுத்த கட்டத்திலும் வரைந்தேன். மாத்திரை சேராவிட்டால் பரவாயில்லை, நீ விடியற்காலையில் எழுந்து எனக்காகக் கலக்கிய பால் இது, இது சேரத்தான் செய்யும் என்றேன். சுவர் உடைக்கிற கைக்கு ஓவியம் எங்கே வரும்?

"குவளையாப்பா இது? வாளி மாதிரி இருக்குலா," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பேனாவைப் பிடுங்கி மீதியை அவளே வரைந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் மறக்காமல் கட்டிகளைப் புள்ளி புள்ளியாக வைத்தாள்.

மறுநாளிலிருந்து காலையிலும் மாலையிலும் ஒரு பெரிய குவளை வெறும் தண்ணீர் வந்தது. புதிய நட்சத்திரங்கள் ஏறத் தொடங்கின. பாலை அவள் விட்டுவிடவில்லை. காலை மாத்திரைக்கும் மாலை மாத்திரைக்கும் நடுவில் எந்த நேரத்தில் பால் குடித்தால் இரண்டும் சந்திக்காது என்று உறையைப் படித்து, மருந்தகத்து எண்ணுக்குத் தானே பேசிக் கேட்டு, மதியம் இரண்டு மணி என்று முடிவு செய்தாள். பள்ளி விட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் அதைத்தான் கலக்குவாள்.

இரண்டாவது முறை ரத்தம் கொடுத்து, முடிவு கேட்கப் போனபோது பள்ளி விடுமுறையாக இருந்ததால் அவளும் கூட வந்தாள். டாக்டர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மருந்து இருக்க வேண்டிய அளவில் இருந்தது. வீக்கமும் அதற்குள் பாதி இறங்கிவிட்டது. எலும்பை எடுக்கும் பேச்சு இப்போதைக்கு வேண்டாம், ஆனால் வீணாய்ப் போன வாரங்களைக் கணக்கில் எடுக்காமல் இன்றிலிருந்து ஆறு வாரம் முழுதாகச் சாப்பிட வேண்டும் என்று மலாயில் சொன்னார். வேறு சிலவும் சொன்னார். என் தலை பழக்கத்தில் ஆடத் தொடங்கியது.

என் சட்டைக் கை இழுபட்டது. அவள் டாக்டரைப் பார்த்து, மரியாதையாக, மலாயில், கடைசியில் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை, மறுபடி சொல்வீர்களா என்று கேட்டாள். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மாத்திரை சாப்பிடும்வரை ஏணி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, இந்த மருந்தால் சிலருக்குக் குதிகால் தசைநார் கெடும், அங்கே வலித்தால் உடனே வர வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். பின்னால் யாரும் உச்சுக் கொட்டவில்லை.

கால் ஆறிவிட்டது. ஐந்து விரலும் இருக்கின்றன. இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை மெதுவாக ஏறி முடித்தேன். முன்னால் ஏறிய என் மகள் பத்துப் படிக்கு ஒருமுறை நின்று திரும்பி என் காலைப் பார்த்துக்கொண்டாள். அவள் ஆசிரியையிடம் போய்க் கேட்டதில் பின்னக் கணக்கும் ஒருவழியாகப் புரிந்துவிட்டது.

அந்தத் தாள் இன்னும் எங்கள் குளிர்பெட்டியில் இருக்கிறது. ஓரம் சுருண்டு, பசை இருந்த இடங்களில் தூசி படிந்துவிட்டது. யாராவது எனக்கு எதையாவது விளக்கும்போது புரியாமலே என் தலை ஆடத் தொடங்கினால், அந்தக் குவளைகளின் அடியில் அவள் வைத்த புள்ளிகள் என் கண்ணுக்குள் வந்து நிற்கும்; நானும் தலையை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று வெட்கப்படாமல் கேட்டுவிடுவேன்.